புதிய ஓல்ட் டிராஃபோர்டு: படம் வந்துவிட்டது, நிலம் வந்ததா?

கீழக்கரையான்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கிளப் புதிய அரங்கம் கட்டப்போவதாக 2025 மார்ச் 11 அன்று அறிவித்தது. அன்று முதல் கீழக்கரையிலிருந்து தொண்டி வரை நம் ஆட்கள் கூடுமிடமெல்லாம் இதே பேச்சாக இருப்பதால் இதற்கென்று தனி இழை தொடங்குகிறேன். ஆட்டக்காரர்களை வாங்குவது, விற்பது, பயிற்சியாளர் நல்லவரா இல்லையா என்பவற்றுக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே அரங்கத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

அறிவிப்பில் சொல்லப்பட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இப்போதைய மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குப் பக்கத்திலேயே 1 லட்சம் இருக்கைகளோடு புதிய அரங்கம் எழும். செலவு சுமார் 200 கோடி பவுண்டு. கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம் வரைந்த வடிவத்தில், அரங்கத்தையும் அதைச் சுற்றியுள்ள திடலையும் சேர்த்து மூடுகிற குடை போன்ற கூரை இருக்கிறது; அதைத் தூக்கி நிறுத்த 3 கம்பங்கள், அவற்றில் உயரமானது 200 மீட்டர். மழைநீரைச் சேகரிப்பதும் சூரிய மின்சாரம் எடுப்பதும் அந்தக் கூரையின் வேலைகள். வழக்கமாக 10 ஆண்டு பிடிக்கிற வேலை இது என்றும், 160 பெரிய பாகங்களாக வேறிடத்தில் செய்து மான்செஸ்டர் கப்பல் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து பொருத்தினால் 5 ஆண்டில் முடிக்கலாம் என்றும் ஃபாஸ்டர் சொன்னார்.

அன்று சொல்லப்படாதவையும் உண்டு. பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் வரவில்லை. திட்ட அனுமதி அப்போது பெறப்பட்டிருக்கவில்லை. மைதானத்தின் மேற்கே உள்ள சரக்கு ரயில் முனையத்தின் நிலமும் அப்போது கிளப்பிடம் இல்லை. 2025 கோடையில் அந்த நிலத்தைப் பற்றி வெளியான செய்திகளின்படி, கிளப் அதை 4 அல்லது 5 கோடி பவுண்டு என்று மதித்தது. முனையத்தின் தரப்பு கேட்டதோ 40 கோடிக்குப் பக்கம். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கும்போது, படத்தை வைத்துக்கொண்டு வேலை நகர்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிலம் கிரயமாகிற நாளைத்தான் நான் முதல் நாளாக எண்ணுவேன்.

பெரியபட்டினம் 7

காக்கா, நிலத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் அதற்கு முன் நடந்ததையெல்லாம் ஒன்றுமில்லை என்று தள்ள முடியாது. 2005-இல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கடன் வாங்கிக் கிளப்பை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே ஏற்றியது. அதற்குப் பிறகு மைதானத்துக்கென்று செய்த பெரிய வேலை, 2006-இல் வடகிழக்கு, வடமேற்கு மூலைகளை உயர்த்தி முடித்ததுதான். அதுவும் முன்பே திட்டமிட்டிருந்தது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெயிண்ட் அடிப்பதும் ஒட்டுப்போடுவதுமாகவே கழிந்தன. 2024 பிப்ரவரியில் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பின் பங்கை வாங்கி உள்ளே வந்த பிறகுதான் முன்னாள் ஒலிம்பிக் ஓட்டக்காரர் செபாஸ்டியன் கோ தலைமையில் பணிக்குழு அமைந்தது. கிரேட்டர் மான்செஸ்டர் மேயர் ஆண்டி பர்ன்ஹாமும் கிளப்பின் முன்னாள் ஆட்டக்காரர் கேரி நெவிலும் அதில் இடம்பெற்றார்கள். 2025 ஜனவரியில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அந்தப் பகுதியின் மறுசீரமைப்பை அரசு ஆதரிக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். இவ்வளவு காலம் யாரும் வாய் திறக்காத விஷயத்தில் ஓர் ஆண்டுக்குள் இவை நடந்திருக்கின்றன என்றால், அதை நான் முன்னேற்றம் என்றுதான் சொல்வேன்.

தேவிபட்டினம் ஆசிரியர்

இந்த 1 லட்சம் என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு 1909 நினைவுக்கு வந்தது. இப்போதைய ஓல்ட் டிராஃபோர்டையும் முதலில் 1 லட்சம் பேருக்கென்றே திட்டமிட்டார்கள். வடிவமைத்தவர் ஆர்ச்சிபால்ட் லீச், பணம் போட்டவர் அன்றைய தலைவர் ஜான் ஹென்றி டேவிஸ். கட்டக் கட்டச் செலவு ஏறிக்கொண்டே போனதால், லீச்சே முன்வந்து கொள்ளளவைச் சுமார் 80 ஆயிரமாகக் குறைக்கலாம் என்றார். அதுவும் போதாமல், பக்கத்தில் சரக்குக் கிடங்கு வைத்திருந்த ரயில் நிறுவனத்திடம், ‘மைதானம் வந்தால் உங்களுக்கும் வருமானம், கேலரி கட்ட 10 ஆயிரம் பவுண்டு கடன் கொடுங்கள்’ என்று கேட்டார்கள். கடைசியில் அந்த நிறுவனம் மறுத்துவிட்டது. 1910 பிப்ரவரி 19 அன்று முதல் ஆட்டம் நடந்தது. லிவர்பூல் 4-3 என்று வென்றது.

பணமும் பக்கத்து ரயில் நிலமும் அன்றும் இந்த மைதானத்தின் அளவைத் தீர்மானித்தன, இன்றும் தீர்மானிக்கின்றன. ஆகவே கீழக்கரையான் எழுப்பிய கேள்வி வெறும் சந்தேகம் இல்லை. அந்த இடத்தின் வரலாற்றிலேயே அது இருக்கிறது.

இன்னொரு செய்தியையும் இங்கே பதிந்துவைக்கிறேன். ஜெர்மானியக் குண்டுவீச்சில் மைதானத்தின் பெரும்பகுதி அழிந்தது 1941 மார்ச் 11 அன்று. புதிய அரங்கத்தை அறிவித்ததும் அதே மார்ச் 11. அழிந்த மைதானத்தை மீண்டும் கட்டி 1949 ஆகஸ்டில் திறக்கும்வரை, யுனைடெட் தன் சொந்த ஆட்டங்களை மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடு மைதானத்தில் ஆட வேண்டியிருந்தது.

தங்கச்சிமடம் கோல்கீப்பர்

பழையதைப் புதுப்பித்தால் போதாதா என்பதே என் முதல் கேள்வி. புதுப்பித்தால் 87 ஆயிரம் பேர் வரை அமரலாம் என்று கிளப்பே சொன்னதாக நினைவு. சார்ல்டன், பெஸ்ட், லா ஆடிய புல்தரை அது. அதை இடித்துவிட்டுப் பக்கத்தில் கூடாரம் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொண்டித் துறை

நான் சில காலம் சால்ஃபோர்டில் வேலை பார்த்தவன். மைதானம் அங்கிருந்து நடக்கிற தூரம். அதனால் கோல்கீப்பர் அண்ணனுக்கு நான் கண்டதைச் சொல்கிறேன்.

தெற்குக் கேலரிக்கு இப்போது பாபி சார்ல்டன் பெயர். அதன் முதுகிலேயே ரயில் பாதை போகிறது. மற்ற மூன்று பக்கமும் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்க, இந்தப் பக்கம் மட்டும் ஒற்றை அடுக்காகத் தாழ்ந்து கிடப்பதைத் தொலைக்காட்சியில் நீங்களும் கவனித்திருப்பீர்கள். பின்னால் தள்ளிக் கட்ட வேண்டுமென்றால் தண்டவாளத்தின் மேலே கட்ட வேண்டும். தண்டவாளத்தைத் தாண்டினால் வரிசை வீடுகள். புதுப்பித்தல் என்ற யோசனை எப்போது வந்தாலும் இந்த இடத்தில்தான் முட்டி நிற்கிறது. கேலரியை ஒட்டியே ஒரு சிறிய ரயில் நிலையமும் இருக்கிறது, ஆட்ட நாளில்கூட அங்கே ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே நடைபாதைகள் மிகவும் குறுகல். இடைவேளையில் தேநீர் வாங்கப் போனால் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நகர முடியும். முன்னால் நிற்பவரின் ஈரக் கோட்டிலிருந்து நம் சட்டைக்குத் தண்ணீர் இறங்கும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கான இடங்கள் அந்த அளவுள்ள மைதானத்துக்குப் போதவே போதாது. 2024 மே மாதம் ஆர்சனல் ஆட்டம் முடிந்த மாலை பெய்த மழையில், கூரையின் மூலையிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டியதை உலகமே படம்பிடித்துப் பார்த்தது. 2028 ஐரோப்பியக் கோப்பை பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடக்கிறது. அதற்கு மான்செஸ்டரிலிருந்து தேர்வானது சிட்டியின் மைதானம். இங்கிலாந்தின் மிகப் பெரிய கிளப் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்கு அதில் இடமில்லை. அந்த மண்ணின் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அந்தக் கட்டடத்துக்குள் நின்று பார்த்தவன் என்ற முறையில், புதியது வேண்டும் என்பதே என் முடிவு. கிளப் எடுத்த கருத்துக்கணிப்பிலும் பாதிக்குச் சற்று மேற்பட்ட ரசிகர்கள் இதையே சொன்னார்கள்.

பாம்பன் தூக்குப்பாலம்

நான் இரும்புக் கட்டுமான வேலையில் இருப்பவன். 160 பாகங்களாகச் செய்து கொண்டுவந்து பொருத்துவோம், 5 ஆண்டில் முடியும் என்ற பேச்சைப் பற்றி என் தொழிலறிவுக்கு எட்டியதைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் கண் முன்னாலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கு 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதியது, ஆயத்தப் பாகங்கள், நடுவில் தூக்கும் பகுதி என்று திட்டம் தெளிவாகவே இருந்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ரயில் ஓடிவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். இடையில் பெருந்தொற்று வந்தது, கடல் கொந்தளிப்பும் காற்றும் இருந்தன. 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். புதியது திறந்தது 2025 ஏப்ரல் 6 அன்று. அதற்கிடையே ராமேசுவரத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்திலேயே இறங்கி, மூட்டையோடு பேருந்துக்கு நின்றார்கள். செலவு 550 கோடி ரூபாயைத் தாண்டியது.

72.5 மீட்டர் நீளமுள்ள அந்தத் தூக்கும் பகுதியைக் கரைப்பக்கத்திலிருந்து நகர்த்திய நாட்களில் நான் போய் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் ஒரு தூணுக்கு நேரே நிற்கும். மாலையில் போய்ப் பார்த்தால் நகர்ந்ததா இல்லையா என்றே தெரியாது. பாகத்தைப் பட்டறையில் செய்வது எளிது. அதை வந்து சேர வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருவதும், ஒரு பாகத்தின் துளை அடுத்த பாகத்தின் துளையோடு மில்லிமீட்டர் பிசகாமல் ஒன்றுவதும்தான் காலத்தைத் தின்கிறது. ஆயத்தப் பாக முறை நல்ல முறைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது மிச்சப்படுத்துவது கட்டும் காலத்தை மட்டும். நிலம், அனுமதி, நிதி ஆகியவற்றுக்குப் போகும் காலத்தில் ஒரு நாளைக்கூட அதனால் குறைக்க முடியாது. 5 ஆண்டு என்ற கணக்கு முதல் கடப்பாரை மண்ணில் இறங்கிய பிறகுதான் ஓடத் தொடங்கும்.

இன்னொன்று, 200 மீட்டர் வரை உயரும் கம்பங்களும் அவற்றில் தொங்கும் கூரையும் கட்டி முடித்ததோடு போகாது. நம் பாலத்தில் உப்புக்காற்றைத் தாங்குவதற்காகத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் வைத்தார்கள். மான்செஸ்டரில் உப்பு இல்லையென்றாலும் ஆண்டு முழுவதும் ஈரம் உண்டு. அந்தக் கூரையின் பராமரிப்புச் செலவு 30 ஆண்டுக்கு எவ்வளவு என்பதை 200 கோடியோடு சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கணக்கு.

பெரியபட்டினம் 7

பாம்பன் அண்ணன் சொல்வதைப் பார்த்தால் கூரையையே விட்டுவிடலாம் போலிருக்கிறதே! அந்தக் குடைதான் எனக்கு இந்தத் திட்டத்திலேயே மிகவும் பிடித்தது.

பாம்பன் தூக்குப்பாலம்

தம்பி, பிடித்திருப்பதில் தவறில்லை. ஆனால் பணம் இறுக்கும்போது முதலில் கைவைக்க எளிதானது எது என்று யோசித்துப் பாருங்கள். இருக்கைகளைக் குறைத்தால் வருமானம் போகும். ஆடுகளத்தைக் குறைக்கவே முடியாது. வெளித்திடலுக்கு மேலே விரிந்திருக்கும் கூரையை நீக்கினால் அரங்கத்துக்குள் ஒன்றும் குறையாது. ஆகவே படத்தில் இருப்பது அப்படியே எழும் என்று மனத்தை இப்போதே கட்டிவைக்காதீர்கள்.

ஏர்வாடி நீலம்

நான் லிவர்பூல் நகரின் எவர்ட்டன் கிளப்புக்கு ரசிகன். யுனைடெட் ரசிகர்களின் இழையில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த வழியை எங்கள் கிளப் முழுதாக நடந்து முடித்துவிட்டதால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

எங்கள் பழைய மைதானமான குடிசன் பார்க்கை விட்டுப் போக வேண்டும் என்ற பேச்சு எனக்கு முந்தைய தலைமுறையில் தொடங்கியது. கிங்ஸ் டாக் என்ற இடத்தில் கட்டுவோம் என்றார்கள். படம் வந்தது, மாதிரி வந்தது. கிளப் தன் பங்குப் பணத்தைக் காட்ட முடியாமல் 2003-இல் கைவிடப்பட்டது. அடுத்து நகருக்கு வெளியே கர்க்பி என்றார்கள். 2009-இல் அரசு அனுமதி மறுத்தது. மூன்றாவதாக வந்ததுதான் பிராம்லி மூர் டாக். அங்கே வேலை நகர்கிறது என்று நாங்கள் நம்பத் தொடங்கிய நாள், 2021-இல் நகராட்சி அனுமதி கொடுத்து, அதே ஆண்டு ஆகஸ்டில் வேலியடித்து வேலை தொடங்கிய பிறகுதான். ஐரிஷ் கடலிலிருந்து மணலை அள்ளிவந்து கப்பல் துறையையே நிரப்பினார்கள்; ஏறத்தாழ 5 லட்சம் கன மீட்டர் மணல். அதைக் காணொளியில் பார்த்தபோது, நம் பக்கம் துறைமுக வாய்க்காலில் மண் அள்ளும் வேலையைப் பார்த்து வளர்ந்த எனக்கே பிரமிப்பாக இருந்தது.

நடுவில் உக்ரைன் போரால் ரஷ்யக் கோடீசுவரர் உஸ்மானோவின் விளம்பரப் பணம் நின்றது; செலவு முதலில் சொன்ன 50 கோடி பவுண்டைத் தாண்டி வெகுதூரம் போனது; உரிமையாளர் மாறினார். துறைமுகப் பகுதியின் தோற்றம் மாறுகிறது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி, 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. இவ்வளவும் கடந்து, 2025 ஆகஸ்ட் 24 அன்று பிரைட்டனை 2-0 என்று வென்று புதிய அரங்கத்தில் லீக் ஆட்டத்தைத் தொடங்கினோம். 52 ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் ஆடுகளத்தின் மேல் கவிழ்ந்தாற்போல் இருக்கிறது.

கோல்கீப்பர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. 1892-இல் திறந்த குடிசனை நாங்கள் இடிக்கவில்லை; எங்கள் பெண்கள் அணி இப்போது அங்கே ஆடுகிறது. ஓல்ட் டிராஃபோர்டையும் சிறிதாக்கிப் பெண்கள் அணிக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு முதலில் இருந்தது. பிறகு இடித்துவிடுவதே நடக்கும் என்று ராட்கிளிஃப் தரப்பில் சொன்னார்கள். உங்கள் ரசிகர்கள் குரல் கொடுக்க வேண்டிய இடம் அது என்று நினைக்கிறேன்.

தங்கச்சிமடம் கோல்கீப்பர்

நன்றி, ஏர்வாடித் தம்பி. வேறு கிளப்பின் ரசிகராக இருந்தும் இவ்வளவு பொறுப்பாக எழுதியிருக்கிறீர்கள். புதியது தவிர்க்க முடியாதது என்றால், என் அடுத்த கவலை டிக்கெட். 2024 டிசம்பரில், பருவத்தின் நடுவிலேயே, மிச்சமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளை 66 பவுண்டாக ஆக்கினார்கள். பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் சலுகை கிடையாது. அதே சமயத்தில் கிளப்பில் நூற்றுக்கணக்கானோரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒரு பக்கம் 200 கோடிக்கு அரங்கம், மறுபக்கம் தன் மகனை அழைத்துவரும் தகப்பனிடம் 66 பவுண்டு. 1 லட்சம் இருக்கையில் எத்தனை இருக்கை அந்தத் தகப்பனுக்கு என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

மண்டபம் கணக்கர்

அந்தக் கேள்விக்குக் கணக்கிலிருந்து வருகிறேன். கிளப் நியூயார்க் பங்குச்சந்தையில் இருப்பதால் கணக்கு வெளிப்படையாகவே வருகிறது. 2024-25 ஆண்டில் மொத்த வருமானம் 66.65 கோடி பவுண்டு. அதுவரை இல்லாத உச்சம். அதில் ஆட்ட நாள் வருமானம் 16.03 கோடி, ஒளிபரப்பு 17.29 கோடி, விளம்பரமும் வணிகமும் 33.33 கோடி. அந்தப் பருவத்தில் லீக்கில் 15-ஆம் இடம். யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில் டோட்டன்ஹாமிடம் தோல்வி. ஆகவே 2025-26-இல் ஐரோப்பியப் போட்டி எதுவும் இல்லை, உள்ளூரில் நடக்கும் ஆட்டங்களும் குறைவு.

இப்போது ஒரு பேச்சுக் கணக்குப் போடுவோம். 200 கோடியை முழுக்கக் கடனாக வாங்கி, நூற்றுக்கு 5 வட்டி என்று வைத்தால், வட்டி மட்டும் ஆண்டுக்கு 10 கோடி. சுமார் 74 ஆயிரம் இருக்கைகளில் 16 கோடி வருகிறது என்றால், அதே விகிதத்தில் 1 லட்சம் இருக்கைக்கு 21 அல்லது 22 கோடி வரும். கூடுதலாகக் கிடைப்பது 6 கோடிக்குள். அதாவது டிக்கெட் விலையை இப்போதுள்ளபடியே வைத்திருந்தால், கூடுதல் இருக்கைகள் வட்டியைக்கூட அடைக்கா. அசல் அப்படியே நிற்கும். எனவே மூன்றில் ஒன்றோ மூன்றுமோ நடந்தாக வேண்டும்: சொகுசு அறைகளும் விருந்தோடு சேர்ந்த உயர்விலை இருக்கைகளும் பெருக வேண்டும், ஆட்டம் இல்லாத நாட்களில் இசை நிகழ்ச்சி போன்றவை நடக்க வேண்டும், அல்லது அரங்கத்தின் பெயரை ஒரு நிறுவனத்துக்கு விற்க வேண்டும்.

டோட்டன்ஹாம் 2019 ஏப்ரலில் திறந்த அரங்கம் இந்த வழியில்தான் பிழைக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்கென்று தனிக் களத்தையே புல்தரைக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். ஆர்சனல் 2006-இல் 39 கோடி பவுண்டில் புதிய அரங்கம் கட்டியபோது பெயரை விற்றார்கள்; பழைய ஹைபரி மைதானத்தை அடுக்குமாடிக் குடியிருப்பாக்கி விற்றார்கள்; அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நல்ல ஆட்டக்காரர்களை விற்றே காலம் தள்ளினார்கள். அவர்களுக்கு அரங்கம் தொடங்கியபோது பழைய கடன் என்று பெரிதாக இல்லை. நமக்கோ கிளேசர் காலத்துக் கடன் இன்னும் தலைமேல் இருக்கிறது. இதை நான் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. முதலீட்டாளர் யார், கடன் எவ்வளவு, சொந்தப் பணம் எவ்வளவு என்ற மூன்று எண்களும் வெளிவராதவரை டிக்கெட் விலை பற்றிய எந்த வாக்குறுதிக்கும் அடித்தளம் கிடையாது என்பதற்காக எழுதுகிறேன்.

பெரியபட்டினம் 7

கணக்கர் ஐயா, அரசுப் பணம் வராதா? 730 கோடி பவுண்டு ஆண்டுதோறும் பொருளாதாரத்துக்குக் கிடைக்கும், 92 ஆயிரம் வேலை, 17 ஆயிரம் வீடு என்றெல்லாம் அறிவித்தார்களே.

மண்டபம் கணக்கர்

அவை அரங்கத்தின் எண்கள் இல்லை, தம்பி. சுற்றியுள்ள பகுதி முழுவதும் மாறினால் வரக்கூடியது என்று ஓர் ஆய்வு நிறுவனம் கணித்த எண்கள். அரங்கத்துக்குக் கிளப்தான் பணம் தேட வேண்டும். அரசு உதவுவதாகச் சொல்வது சாலை, ரயில், வீடு போன்ற பொது வசதிகளுக்கு. ஆனால் கீழக்கரையான் சொன்ன சரக்கு முனையம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அது இடம்பெயர்ந்தால் அரங்கத்துக்கும் இடம் கிடைக்கும், ரயில் பாதையில் நெரிசலும் குறையும். செயின்ட் ஹெலன்ஸ் பக்கத்தில் பார்க்சைடு என்ற இடத்துக்கு அதை மாற்றலாம் என்பது யோசனை. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

தொண்டித் துறை

மேயரின் பொறுப்பில் ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைக்கும் யோசனையும் வந்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட கழகத்துக்கு நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரம் உண்டு. விலை படியாவிட்டால் அந்த வழி இருக்கிறது, ஆனால் அது விசாரணை, ஆட்சேபணை, இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று நீளும்.

தேவிபட்டினம் ஆசிரியர்

கையகப்படுத்தல் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாலை விரிவாக்கத்துக்காக எங்கள் குடும்ப நிலத்தில் ஒரு பகுதி போனது. அளவுக்கல் நட்டவர்கள் காலையில் வந்து மாலைக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். இழப்பீடு கைக்கு வரும்போது என் தந்தையார் உயிரோடு இல்லை. ஒரு பெரிய சரக்கு நிறுவனம் வழக்கறிஞர் வைத்துத் தன் விலையைக் கேட்டு வாங்கும். அந்த 17 ஆயிரம் புதிய வீடுகளுக்கு இடம் தேடும்போது, ஸ்ட்ரெட்ஃபோர்டு, கோர்ஸ் ஹில் தெருக்களில் வாடகைக்கு இருப்பவர்களின் நிலை என்ன என்பதையும் நாம் கேட்க வேண்டும். ஆட்ட நாளில் தங்கள் வாசலில் நிற்கும் கூட்டத்தைத் தலைமுறைகளாகப் பொறுத்துக்கொண்டவர்கள் அவர்கள்தான்.

ஏர்வாடி நீலம்

ஐயா சொல்வது மிகவும் சரி. எங்கள் புதிய அரங்கத்தைச் சுற்றியும் வாகனம் நிறுத்துவது பற்றித் தெருக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் மனக்குறை வந்தது.

தங்கச்சிமடம் கோல்கீப்பர்

எனக்கு ஒரு ஐயம், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மில் பெரும்பாலோர் அந்த அரங்கத்தின் வாசலைக்கூட மிதிக்கப்போவதில்லை. நாம் இதில் கருத்துச் சொல்வது முறையா?

கீழக்கரையான்

முறைதான், அண்ணன். கணக்கர் கொடுத்த எண்களையே பாருங்கள்: ஒளிபரப்பும் வணிகமும் சேர்ந்தால் மொத்த வருமானத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல். பனைக்குளத்திலும் புதுவலசையிலும் மணலில் ஆடுகிற பிள்ளைகள் போட்டிருக்கும் சிவப்புச் சட்டையும், இரவு கண்விழித்து நாம் கட்டும் சந்தாவும் அதில் இருக்கின்றன. ஆனால் அங்கே மழையில் நனைந்து வாரந்தோறும் நிற்பவர்களின் சொல்லுக்கு நம் சொல்லைவிடக் கனம் அதிகம் என்பதையும் நான் ஏற்கிறேன். சுற்றுலாவாக ஒரு முறை வந்து போகும் நம் போன்றவர்களுக்காக உயர்விலை இருக்கைகளைக் கூட்டி, உள்ளூர்க்காரரை வெளியே தள்ளுவார்கள் என்றால், அப்படிப்பட்ட இருக்கை எனக்கு வேண்டாம். ஸ்ட்ரெட்ஃபோர்டு முனை என்ற கேலரியில் எழும் ஓசையைக் கேட்டுத்தான் நான் இந்த அணியின் ரசிகனானேன். அந்த ஓசையை எழுப்புகிறவர்கள் உள்ளே இருக்க வேண்டும்.

பெரியபட்டினம் 7

காக்கா, இதில் நானும் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: நிலம் கிரயமானால் உங்கள் கருத்து மாறுமா?

கீழக்கரையான்

மாறும், தம்பி. முனையத்தின் நிலத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தாகி, திட்ட அனுமதிக்கான விண்ணப்பம் டிராஃபோர்டு நகராட்சியில் பதிவாகிவிட்டால், வேலை நடக்கிறது என்று இந்த இழையின் தலைப்பையே மாற்றிவிடுகிறேன். அப்போதும் டிக்கெட் விலையைப் பற்றிய கேள்வியை விடமாட்டேன். மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர் அறக்கட்டளை இந்தக் கேள்வியைக் கிளப்பிடம் தொடர்ந்து எழுப்பிவருகிறது. அவர்கள் வெளியிடும் அறிக்கைகளைத் தொண்டித் தம்பி தமிழில் சுருக்கித் தந்தால் எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.

தொண்டித் துறை

தருகிறேன். நகராட்சியின் திட்ட விண்ணப்பங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். வரைபடங்களும் போக்குவரத்து ஆய்வும் அதோடு இருக்கும். அது வந்ததும், ஆட்டம் முடிந்து 1 லட்சம் பேரை எந்த டிராமில், எந்த ரயிலில் அனுப்பப்போகிறார்கள் என்ற பகுதியை முதலில் படித்து இங்கே எழுதுகிறேன்.

மண்டபம் கணக்கர்

காலாண்டுக் கணக்கு வெளியாகும்போதெல்லாம் கடன் எவ்வளவு, அரங்கத் திட்டத்துக்குச் செலவிட்டது எவ்வளவு என்ற இரண்டு வரிகளையும் நான் இங்கே பதிவிடுகிறேன். பாம்பன் தம்பி, கூரையின் பராமரிப்புச் செலவைத் தோராயமாகக் கணிக்க உங்கள் துறையில் என்ன விகிதம் வைப்பார்கள் என்று சொன்னால் அதையும் என் பேச்சுக் கணக்கில் சேர்த்துவிடலாம்.

பாம்பன் தூக்குப்பாலம்

பூச்சு, கம்பி வடங்களின் இழுவிசைச் சோதனை, வடிகால் என்று தனித்தனியாகப் பிரித்துத்தான் போட வேண்டும், ஐயா. கூரையின் பரப்பளவு விண்ணப்பத்தில் வரட்டும். அதை வைத்துப் போட்டுத் தருகிறேன்.